தாத்தாவின் 12 போர் துப்பாக்கியை மாற்றலாமா?

திருப்புல்லாணிப் பக்கத்து விவசாயி ஒருவர் கேட்டிருக்கிறார்: "தாத்தாவின் 12 போர் இரட்டைக் குழல் துப்பாக்கி முறைப்படி என் லைசென்ஸுக்கு மாறிவிட்டது. சுட்டால் தோளில் பலமாக உதைக்கிறது. கொடுத்துவிட்டு 20 போர் வாங்கலாமா? கண்மாய் வாத்துக்கும் கடலைக் கொல்லையைக் கிளறும் பன்றிக்கும் எது தோது?"

வாத்தையும் பன்றியையும் முதலில் பேசிவிடுவோம். துப்பாக்கி லைசென்ஸ் என்பது வேட்டைக்கான அனுமதி இல்லை. 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, குளிர்காலத்தில் உங்கள் கண்மாயில் இறங்கும் ஊசிவால் வாத்தையோ நீலச்சிறகியையோ சுடக் கூடாது. சக்கரக்கோட்டை, காஞ்சிரங்குளம் போன்ற சரணாலயங்களுக்குள் சுட்டால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. இமயத்தைத் தாண்டி நம் தண்ணீரை நம்பி வருகிற உயிர்கள் அவை. தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

பன்றி விஷயத்தில் உங்கள் வேதனை நியாயமானது. சீமைக் கருவேலம் மண்டிய இடமெல்லாம் அவற்றுக்குப் பட்டப்பகலிலும் மறைவிடம். ஆனாலும் காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைச் சுட 2025இல் அரசு வழிசெய்தது வனத்துறையினருக்குத்தான், நமக்கு இல்லை. சேதத்தைப் படம் எடுத்து வனச்சரக அலுவலகத்தில் மனுக் கொடுங்கள்.

சரி, துப்பாக்கிக்கு வருவோம். போர் என்பது குழலின் உள்வாய் அளவு. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக உருட்டினால் ஓர் உருண்டையின் விட்டம் எவ்வளவோ, அதுதான் 12 போர் குழலின் வாய்: சுமார் 18.5 மில்லிமீட்டர். இருபது உருண்டையாக்கினால் 15.6. அதனால்தான் எண் ஏற ஏறக் குழல் சிறுக்கிறது.

20 போர் பலம் குறைந்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஒரே அளவு ரவை, அதாவது தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகள், ஒரே வேகத்தில் புறப்பட்டால், எந்தக் குழலிலிருந்து வந்தாலும் அதன் அடி ஒன்றுதான். 12 போர் தோட்டாவில் ரவைகளின் எண்ணிக்கை அதிகம், அவ்வளவே. அதேபோல 20 போர் உதைக்காது என்பதும் பாதி உண்மை. அந்தத் துப்பாக்கியின் எடையும் குறைவு. 28 கிராம் ரவையை இலேசான 20 போரில் சுட்டால், கனமான 12 போரில் அதே 28 கிராம் சுடுவதைவிட அதிகமாகவே உதைக்கும். ஆகவே துப்பாக்கியை மாற்ற வேண்டாம், தோட்டாவை மாற்றுங்கள். 32 கிராமுக்குப் பதில் 28 கேளுங்கள். தோளில் வைக்கும் கட்டை உங்கள் தாத்தாவின் கை நீளத்துக்கு அமைந்ததாகவும் இருக்கலாம். கட்டையின் முனையில் ஒரு ரப்பர் அட்டை பொருத்தினாலே பாதி வலி போய்விடும். நம் ஊர்க் கடைகளில் 12 போர் தோட்டா கிடைப்பதுபோல மற்றவை கிடைப்பதும் இல்லை.

எனக்கு உண்மையில் கவலை தருவது வேறு. தாத்தா காலத்துத் துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அறையின் நீளம் 65 மில்லிமீட்டர்தான். இன்று விற்கும் தோட்டாக்களில் 70 மில்லிமீட்டரும் உண்டு. பெட்டியில் போட்டிருக்கும் நீளம், சுட்ட பிறகு வாய் விரிந்த தோட்டாவின் நீளம். சுடாத 70 தோட்டா 65 அறைக்குள் அழகாக உட்கார்ந்து நம்மை ஏமாற்றிவிடும். சுட்டதும் அதன் வாய் விரிய இடமில்லாமல் குழலுக்குள் அழுத்தம் ஏறிவிடும். துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் அறையையும் குழலின் சுவரையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை ஒரு தோட்டாகூடப் போடாதீர்கள்.

ஒரே வீட்டில் 12, 20 இரண்டும் வேண்டாம் என்பேன். 20 போர் தோட்டா தவறி 12 போர் அறைக்குள் விழுந்தால் குழலில் சறுக்கிப் போய்ச் சிக்கிக்கொள்ளும். அறை காலியாகத் தெரியும். பின்னால் இன்னொரு தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடித்து இடது கை போய்விடும். 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் கொடுத்திருப்பதே இதற்காகத்தான்.

சுடும் ஆசை இருந்தால் பறக்கும் களிமண் தட்டைச் சுடப் பழகுங்கள். புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கலந்துகொண்ட டிராப் போட்டிக்கும் 12 போர்தான். லைசென்ஸில் இலக்குச் சுடுதலுக்கு இடம் இருக்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், உப்புக்காற்று. நம் கரையில் ஒரு வாரம் துடைக்காத குழலில் துரு தெரிந்துவிடும். தொட்ட கையோடு எண்ணெய்த் துணியால் துடையுங்கள். தோல் உறையில் போட்டு வைக்காதீர்கள், அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பூட்டிய இரும்பு அலமாரியில் துப்பாக்கியை ஒரு தட்டிலும் தோட்டாவை வேறொரு பூட்டுக்குள்ளும் வையுங்கள்.