புதிதாகத் தாயானவர்களுக்குத் தாய்ப்பால் ஊட்டுவதில் இருக்கும் நம்பிக்கையை அளக்க முடியுமா? அதனால் பயன் உண்டா?

அளக்கலாம். என்னையே அளந்திருக்கிறார்கள்.

மகள் பிறந்த மூன்றாம் நாள், முதுகலை நர்சிங் படிக்கும் பெண் ஒருத்தி ஆய்வுக்காக ஒரு தாளோடு வார்டுக்கு வந்தாள். "பத்து நிமிஷம் போதும்க்கா, மனசுல பட்டதைச் சொல்லுங்க" என்றாள். மொத்தம் 14 வாக்கியங்கள். துளியும் நம்பிக்கை இல்லை என்றால் 1, முழு நம்பிக்கை என்றால் 5. கூட்டினால் 14 முதல் 70 வரை வரும்.

கனடாவின் நர்சிங் ஆய்வாளர் சிண்டி-லீ டென்னிஸ் உருவாக்கிய அளவுகோல் அது. 1999இல் 33 வாக்கியங்களோடு வந்ததை 2003இல் 14 ஆகச் சுருக்கினார். பால் எவ்வளவு சுரக்கிறது என்று அது பார்ப்பதில்லை. தன்னால் கொடுக்க முடியும் என்று தாய் எந்த அளவு நம்புகிறாள் என்பதுதான் கணக்கு. மதிப்பெண் குறைந்தவர்கள் சீக்கிரமே தாய்ப்பாலை நிறுத்திவிட வாய்ப்பு அதிகம் என்பதால், யாருக்கு முதலில் உதவி வேண்டும் என்று கண்டுபிடிக்க உதவும்.

வாக்கியங்கள் எல்லாமே 'என்னால் எப்போதும்' என்றுதான் ஆரம்பிக்கும். தையல் வலியோடு உட்கார்ந்திருப்பவளிடம் போய் 'எப்போதும்' என்றால்? எரிச்சல்தான் வந்தது. வீட்டார் இருக்கும்போது கூச்சமில்லாமல் பால் கொடுக்க முடியுமா என்றதற்கு, கட்டிலைச் சுற்றி நின்ற மாமியார், நாத்தனார், சித்தி மூவரையும் பார்த்துவிட்டு 2 சொன்னேன். குழந்தைக்குப் போதுமான பால் கிடைக்கிறதா என்று கண்டுபிடிக்க முடியுமா? அதற்கு 1. காலையிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் "பால் பத்துதா?" என்றே கேட்டுக்கொண்டிருந்தார்கள். குழந்தை அழுதால் பத்தவில்லை, தூங்கினால் பசி மயக்கம். பால் பவுடர் வாங்க வீட்டுக்காரர் செருப்பை மாட்டிவிட்டார்.

என் மொத்தம் 36. அந்தப் பெண் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, 1 விழுந்த இடத்தில்தான் விரலை வைத்தாள். முதல் சில நாளில் எடை கொஞ்சம் குறைவது சகஜம், இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்கு வந்துவிட வேண்டும் என்றாள். ஐந்தாம் நாளிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர் போகிறதா என்று எண்ணச் சொன்னாள். காம்பு மட்டும் வாய்க்குள் போனால் போதாது, சுற்றியுள்ள கருவளையமும் போக வேண்டும் என்று குழந்தையைத் திருப்பிப் பிடித்துக் காட்டினாள். அப்புறம், முழுங்கும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்கச் சொன்னாள். அன்றைக்குத்தான் அந்தச் சத்தத்தை முதலில் கேட்டேன்.

காலண்டரில் கோடு போட்டு எண்ண ஆரம்பித்தேன். ஆறாவது வாரம் போனில் அதே 14 வாக்கியங்களையும் கேட்டாள். 58 வந்தது. வீட்டார் முன்னால் கொடுப்பதற்கு மட்டும் அப்போதும் 2தான்.