ரத்தம் நிற்கும்வரை இறுக்குங்கள்

டூர்னிகே எனப்படும் இறுக்குப் பட்டை பற்றிய கேள்விகளுக்கு அவசர சிகிச்சை மருத்துவர் ஒருவரின் பதில்கள்.

மரப் பட்டறை நடத்துகிறேன். ரம்பம் பட்டால் உடனே பட்டை கட்டிவிடலாமா?

எல்லா வெட்டுக்கும் வேண்டாம். துணியை வைத்து, உடல் பாரத்தைச் சாய்த்து அழுத்தினாலே பெரும்பாலும் நின்றுவிடும். கையிலோ காலிலோ ரத்தம் பீறிட்டால், தரையில் தேங்கினால், உறுப்பு துண்டாகியிருந்தால் தயங்காதீர்கள். பெரியவர் உடலில் இருப்பதே சுமார் 5 லிட்டர்தான். தொடைத் தமனி அறுபட்டால் சில நிமிடங்களே கெடு.

எங்கே கட்டுவது, எவ்வளவு இறுக்குவது?

காயத்துக்கு மேலே, இதயத்தின் பக்கமாக 5 முதல் 7 சென்டிமீட்டர் தள்ளி. முழங்கால், முழங்கை மீது கூடாது. கால்சட்டைப் பையில் சாவி இருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள். பட்டையை இழுத்து, அடியில் விரல் நுழையாதபடி ஒட்டவைத்த பிறகே, அதை இறுக்குவதற்காகப் பட்டையில் உள்ள கோலைத் திருக வேண்டும். தொய்வோடு திருகினால் கோல்தான் சுழலும், கால் இறுகாது. சுற்றுகளை எண்ணாதீர்கள், காயத்தைப் பாருங்கள். அடிபட்டவர் வலியில் அலறுவார், உங்கள் கையைத் தட்டிவிடுவார். அங்கேதான் பலர் இரக்கப்பட்டு நிறுத்திவிடுகிறார்கள். அரைகுறை இறுக்கம் கட்டாததைவிடக் கெடுதல்: ஆழத்திலுள்ள தமனி வழியே ரத்தம் வந்துகொண்டிருக்கும், அதை இதயத்துக்குத் திருப்பும் சிரை மட்டும் அடைபடும், கசிவு கூடும். ஒன்று போதவில்லையா? அதற்கு மேலே இன்னொன்று கட்டுங்கள்.

அவ்வப்போது தளர்த்த வேண்டும் என்று பள்ளியில் படித்தேனே?

நானும் அப்படித்தான் படித்தேன், தவறான பாடம். தளர்த்தும்போதெல்லாம் உறைந்த ரத்தம் கலைந்து மீண்டும் ஒழுகும். கட்டிய நேரத்தைப் பட்டையில் எழுதுங்கள், பேனா பிடிக்காவிட்டால் நெற்றியில். போர்வையால் மூடி மறைக்காதீர்கள். 2 மணி நேரம்வரை உறுப்பு பெரும்பாலும் தாங்கும்; மூட்டு அறுவை சிகிச்சைகளிலும் இப்படிக் கட்டுவதுண்டு. அவிழ்ப்பது மருத்துவமனையின் வேலை.

பெல்ட் போதுமா?

தோல் பெல்ட் தேவையான அளவு இறுகாது. குறைந்தது 4 சென்டிமீட்டர் அகலத்தில் மடித்த துணியும் உறுதியான கோலும் வேண்டும். பென்சில் ஒடிந்துவிடும். துணிக்குப் பதில் கம்பியைக் கட்டினால் தசையை அறுக்கும்.

தொடையிடுக்கிலோ அக்குளிலோ காயம் என்றால்?

பட்டைக்கு அங்கே பிடிமானம் கிடையாது. காயக் குழிக்குள் துணியை ஆழமாகத் திணித்து, இரு கைகளாலும் அழுத்தியபடியே இருங்கள். எட்டிப் பார்க்க ஆசை வரும், எடுக்காதீர்கள்.

பாம்புக்கடிக்கு?

கூடவே கூடாது. ரத்த ஓட்டம் நின்ற கால் அழுகிப்போகலாம். கடிபட்ட உறுப்பை அசைக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.