ஸ்காட் காலத்து அண்டார்க்டிகா குறிப்பேடுகளை ஆவணக்காப்பகத்தில் படிக்கும்போது எங்கே தவறு நேரும்?

பிரிட்டிஷ் துருவ ஆய்வாளர் ராபர்ட் ஸ்காட் தலைமையில் நடந்த டெர்ரா நோவா அண்டார்க்டிகா பயணத்தின் (1910–13) குறிப்பேடுகள் பல கேம்பிரிட்ஜின் ஸ்காட் துருவ ஆய்வு நிறுவனத்தில் இருக்கின்றன. ஸ்காட்டின் கடைசிப் பயண நாட்குறிப்பு மட்டும் லண்டனில், பிரிட்டிஷ் நூலகத்தில். முன்கூட்டியே எழுதி நாள் வாங்கி, பட்டியல் எண்ணோடு போங்கள். உள்ளே பென்சில்தான், பேனா கூடாது.

கையெழுத்தைவிட அளவுகள்தான் காலை வாரும். ‘50 டிகிரி ஃப்ராஸ்ட்’ என்றிருந்தால் மைனஸ் 50 அல்ல. 32 டிகிரி ஃபாரன்ஹீட்டிலிருந்து 50 கீழே. அதாவது மைனஸ் 18 ஃபாரன்ஹீட், ஏறக்குறைய மைனஸ் 28 செல்சியஸ். மைலும் இரண்டு வகை: புவியியல் மைல் 1.85 கி.மீ., சாதாரண மைல் 1.61 கி.மீ. எதுவென்று பார்க்காமல் கூட்டினால் 100 மைலுக்கு 24 கி.மீ. பிசகும்.

களத்தில் பென்சிலில் கிறுக்கியதையும், பிறகு குடிலில் உட்கார்ந்து மையில் படியெடுத்ததையும் ஒன்றாக எண்ணாதீர்கள். படியெடுக்கும்போது வரிகள் விடுபடும், வார்த்தைகள் மெருகேறும். முரண்பட்டால் பென்சில் பிரதியை நம்பலாம். புரியாத சொல்லை ஊகித்து நிரப்பாமல் சதுர அடைப்பில் கேள்விக்குறி போடுங்கள்.

திடீரென்று கிரேக்க எழுத்து வந்தால் மிரள வேண்டாம். அந்தப் பயணத்தில் சென்ற மருத்துவர் மரே லெவிக், அடேலி பெங்குவின்களின் பாலுறவுக் குறிப்புகளை அப்படித்தான் மறைத்து எழுதினார்.