இன்ஜின் வேலையா, பழைய இன்ஜினா? முதலில் அண்ணனின் ரெண்டு வட்டியைப் பாருங்கள்

கேள்வி: அவிநாசி பக்கம் பனியன் ஜாப் வொர்க் செய்கிறேன். என் 2013 மாடல் டீசல் கார் சூடேறி, ஆயிலில் தண்ணீர் கலந்து நின்றுவிட்டது. இன்ஜினை முழுசாகப் பிரித்து வேலை செய்ய 90,000 ஆகுமாம். கோவை உக்கடத்தில் பழைய இன்ஜின் வாங்கி மாட்டினால் 60,000. இப்படியே விற்றால் 90,000 தருகிறார்கள்; ஓடுகிற வண்டி என்றால் 2,40,000 போகும். பெரியப்பா மகனிடம் ரெண்டு வட்டிக்கு வாங்கிய 1,50,000-க்கு மூன்று வருடமாக வட்டி தவறாமல் கட்டுகிறேன். இந்தச் செலவுக்கும் அவரே தருகிறேன் என்கிறார். சிறு நிறுவனப் பங்குகளில் போடும் ஸ்மால்கேப் ஃபண்டில் மாதாமாதம் 5,000 எஸ்ஐபி போகிறது. வீட்டில் 10 பவுன் நகை உண்டு. என்ன செய்யட்டும்?

பதில்: வண்டியைச் சரி செய்யுங்கள். 90,000 செலவு, 1,20,000 ஆனால்கூட, இப்படியே விற்பதை விட லாபம்தான். ஆனால் முழு வேலைக்குச் சம்மதிக்கும் முன் இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டை மட்டும் கழற்றி லேத் பட்டறையில் காட்டச் சொல்லுங்கள். ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கட் போயிருந்தாலோ ஹெட் வளைந்திருந்தாலோ செலவு வெகுவாகக் குறையும். தண்ணீர் கலந்த ஆயிலில் ஓடி உள்ளே சுழலும் கிராங்கும் அதைத் தாங்கும் பேரிங்கும் அடிபட்டிருந்தால்தான் முழு வேலை.

பழைய இன்ஜினில் 30,000 மிச்சம் என்பதை நான் நம்பவில்லை. அது எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எந்த வண்டியில் இருந்து வந்தது என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள். ஆர்.சி.யில் இன்ஜின் நம்பரை மாற்ற வேண்டும், இன்சூரன்ஸுக்கும் தெரிவிக்க வேண்டும். பில் இல்லாத இன்ஜினை மாட்டிவிட்டு, நாளை விபத்து என்றால் க்ளெய்முக்கு அலைவது நீங்கள்தான்.

இன்ஜின் கதை அவ்வளவுதான். உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது "வட்டி தவறாமல் கட்டுகிறேன்" என்ற வரி. மாதம் 3,000 வீதம் மூன்று வருடத்தில் 1,08,000 போய்விட்டது. அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை. ரெண்டு வட்டி என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம். இன்னும் 90,000 வாங்கினால் வட்டி மட்டும் மாதம் 4,800. அண்ணன் கெட்டவர் இல்லை, அசலைக் கேட்காததால் நீங்களும் அதை மறந்துவிட்டீர்கள்.

நகையை வங்கியிலோ கூட்டுறவு சங்கத்திலோ வையுங்கள். 10 பவுனுக்கு 2,40,000 தாராளமாகக் கிடைக்கும். வட்டி 12 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம், மாதம் சுமார் 2,400. அண்ணன் கடன், இன்ஜின் செலவு இரண்டும் அதில் தீரும். இப்போது கட்டும் 3,000 வட்டியோடு எஸ்ஐபி 5,000-ஐயும் சேர்த்து மாதம் 8,000 கட்டினால் மூன்று வருடத்தில் நகை கைக்கு வந்துவிடும்.

எஸ்ஐபியை நிறுத்தச் சொல்வதால் கோபப்படாதீர்கள். ஸ்மால்கேப் என்று எல்லோரும் சொல்கிறார்கள், சரி. 12 சதவீத நகைக் கடனை வைத்துக்கொண்டு சந்தையில் அதைவிட அதிகம் வரும் என்று எந்த ஆலோசகரும் உறுதி தர முடியாது. கடன் முடிந்த மாதமே மறுபடி தொடங்குங்கள்.

நகைக் கடனை எடுக்கும்போது, இடையில் அசலில் பகுதி பகுதியாகக் கட்டலாமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். வருடக் கடைசியில் வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பித்தால் பழைய கதைதான். அண்ணனிடம் 1,50,000-ஐ மொத்தமாகக் கொடுத்து, கொடுத்திருந்த புரோநோட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.