சார்பைப் போக்க ஒரு நாள் பயிற்சி போதுமா?

கேள்வி: எங்கள் கவுன்சலிங் மையத்தில் பத்து ஆலோசகர்கள் இருக்கிறோம். எல்லோருக்கும் ‘தன்னறியாத சார்பு’ (நம்மை அறியாமலே ஒருவரை வேறுமாதிரி எடைபோடும் மனப்போக்கு) பற்றி ஒரு நாள் பயிற்சி தர நிர்வாகம் முடிவு செய்து, பொறுப்பை என்னிடம் விட்டிருக்கிறது. காலையில் ஆன்லைன் டெஸ்ட், மதியம் ஒர்க்‌ஷாப், கடைசியில் சான்றிதழ். இதனால் பலன் உண்டா? வேறு எப்படிச் செய்யலாம்?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: ஒரு நாளோடு முடித்துக்கொண்டால் பெரிய பலன் இருக்காது. அமெரிக்காவில் 18 பல்கலைக்கழகங்களில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் ஒன்பது பயிற்சி முறைகளைச் சோதித்து 2016இல் முடிவை வெளியிட்டார்கள். ஒன்பதுமே சார்பை அப்போதைக்குக் குறைத்தன. சில மணி நேரத்திலோ சில நாள்களிலோ எல்லாம் பழையபடி ஆகிவிட்டது.

நீங்கள் சொல்லும் டெஸ்ட், 1998இல் அறிமுகமான ஐ.ஏ.டி.யாக (இம்ப்ளிசிட் அசோசியேஷன் டெஸ்ட்) இருக்க வேண்டும். திரையில் வரும் சொற்களையும் முகங்களையும் எவ்வளவு வேகமாகப் பிரிக்கிறோம் என்று அளப்பது. ஒரே ஆளுக்கு இன்று ஒரு மதிப்பெண் வரும், அடுத்த வாரம் வேறொன்று வரும். தனிநபரை இதை வைத்து எடைபோடக் கூடாது என்று அதை உருவாக்கியவர்களே எச்சரித்திருக்கிறார்கள். பேச்சைத் தொடங்க வைத்துக்கொள்ளுங்கள், மதிப்பெண்ணைக் கேட்காதீர்கள்.

சார்பு வேலை செய்யும் இடங்களில் கை வையுங்கள். முதல் இடம் தொலைபேசி. நியூயார்க்கில் 320 தெரபிஸ்டுகளுக்கு ஒரே கோரிக்கையை வெவ்வேறு பேச்சு வழக்கில் வாய்ஸ் மெயிலாக அனுப்பிப் பார்த்தார்கள். நடுத்தர வர்க்க வெள்ளையராக ஒலித்தவர்களில் 28 சதவீதத்தினருக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைத்தது; அதே வர்க்கக் கறுப்பினருக்கு 17; உழைக்கும் வர்க்கத்தினருக்கு, எந்த இனமானாலும், 8. உங்கள் மையத்தில் திரும்ப அழைப்பது, அழைப்பு வந்த வரிசைப்படிதான் என்று எழுதி வையுங்கள். குரலைக் கேட்டு முடிவெடுக்கும் வாய்ப்பே இருக்கக் கூடாது.

அடுத்தது முதல் சந்திப்பு. “எந்த ஊரு? ஊருக்குள்ள எந்தத் தெரு? குலதெய்வம் எது?” நெருக்கம் உண்டாக்கத்தான் கேட்கிறோம் என்று ஆலோசகர் நம்புவார். எதிரே இருப்பவருக்கோ சாதியைக் கேட்பது புரிந்துவிடும். பலர் அதோடு வாயை மூடிக்கொள்வார்கள். முதல் வருகையில் நிரப்பும் இன்டேக் படிவத்தில் இல்லாத கேள்வியை முதல் நாள் கேட்பதில்லை என்று முடிவெடுங்கள். யாரை ‘நீங்க’ என்கிறோம், யாரிடம் சட்டென்று ‘நீ, வா, போ’ வருகிறது என்பதையும் ரோல் பிளேயில், அதாவது ஆலோசகராகவும் வந்தவராகவும் நடித்துப் பார்க்கும்போது, கவனியுங்கள். பதினெட்டு வயதுக் கல்லூரி மாணவிக்கு ‘நீங்க’, நாற்பது வயதுத் துப்புரவுத் தொழிலாளிக்கு ‘நீ’ என்றால், அங்கேயே பேச்சை நிறுத்தி அலசலாம்.

பயிற்சிக்கு முதலில் இரண்டு மணி நேரம், பிறகு பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒன்றரை மணி நேரம் என மூன்று மாதம் ஒதுக்குங்கள். முதல் அமர்வுக்குப் பத்து வரியில் ஒரு கேஸ் எழுதுங்கள். பெற்றோர் எதிர்க்கும் காதல், தூக்கமின்மை, கல்லூரிக்குப் போகாமை. இரண்டு பிரதி எடுத்து, ஒரே ஒரு வரியை மட்டும் மாற்றுங்கள்: ஒன்றில் அந்தப் பெண் காதலிப்பது ஓர் ஆணை, மற்றதில் இன்னொரு பெண்ணை. ஐந்து பேருக்கு ஒன்று, ஐந்து பேருக்கு மற்றது. பெயர் போடாமல் நான்கு பதில்கள் கேளுங்கள்: பிரச்சினையின் தீவிரம் பத்துக்கு எவ்வளவு? அடுத்த கேள்வி என்ன? எத்தனை அமர்வு தேவை? பெற்றோரை அழைப்பீர்களா? ஒவ்வொரு பிரதிக்கும் வந்த விடைகளைத் தனித்தனியாக, அருகருகே ஒட்டுங்கள். பத்துத் தாளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் ஒரு பக்கம் மட்டும் “பெற்றோரை அழைப்பேன்” குவிந்திருந்தால், ஏன் என்று எல்லோரும் பேசியே ஆக வேண்டும். இதே கேஸை இன்னொரு முறை பயன்படுத்தினால் கண்டுபிடித்துவிடுவார்கள். ஒவ்வொரு முறையும் புதிது எழுதுங்கள்.

இந்த மாதிரிப் பயிற்சி கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான்: யாரோ குற்றவாளியாக்கப்படுகிறார். அன்றிலிருந்து எல்லோரும் ‘சரியான’ விடையையே எழுதுவார்கள். குழுவில் இருக்கும் தலித் ஆலோசகரிடமோ முஸ்லிம் ஆலோசகரிடமோ “உங்க அனுபவத்தைச் சொல்லுங்க” என்று கேட்காதீர்கள். பாடம் நடத்த வேண்டிய சுமை அவர்களுடையது அல்ல.

கேஸ் நோட்டுகளையும் எடுங்கள். கடந்த மூன்று மாதத்தில் இருபது போதும். ‘ஒத்துழைக்கவில்லை’, ‘அடங்காத பெண்’, ‘நல்ல குடும்பத்துப் பையன்’ போன்றவற்றை அடிக்கோடிட்டு, நடந்ததை மட்டும் எழுதச் சொல்லுங்கள். ‘ஒத்துழைக்கவில்லை’ என்பது, ‘இரண்டு முறை தாமதமாக வந்தார், பஸ் இல்லை என்றார்’ என்று மாறும்போது, அடுத்து செய்ய வேண்டியதும் மாறிவிடுகிறது.

சட்டத்தை ஒரு அரை மணி நேரத்தில் சொல்லிவிடலாம். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பாலினம், பாலீர்ப்பு (எந்தப் பாலினத்தவர்மீது ஈர்ப்பு வருகிறது என்பது), மதம், சாதி, வர்க்கம், மாற்றுத்திறன் ஆகியவற்றின் பேரில் பாகுபாடு கூடாது என்கிறது. பாலீர்ப்பை ‘மாற்றும்’ சிகிச்சைக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் தடை விதித்தது. அந்த வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தன் புரிதல் போதாது என்று சொல்லி, உளவியலாளர் ஒருவரிடம் தானே அமர்ந்து கேட்டறிந்தார். உங்கள் ஆலோசகர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு பதிவேடு. முதல் அமர்வுக்கு வந்து இரண்டாவதுக்கு வராதவர்கள் யார், எந்தப் பகுதி, யார் அனுப்பியது, எந்த ஆலோசகர் பார்த்தார்? பயிற்சி தொடங்கும் முன் ஒருமுறை, ஆறு மாதம் கழித்து ஒருமுறை கணக்கெடுங்கள். சான்றிதழுக்கும் மதிய சாப்பாட்டுக்கும் ஒதுக்கிய பணத்தில், மையத்துக்கு வெளியிலிருந்து, ஆலோசகர்களின் வேலையைப் பார்த்து வழிகாட்டும் ஒரு சூப்பர்வைசரை மாதம் ஒருமுறை வரவழைத்து, இந்தப் பதிவேட்டை அவரோடு உட்கார்ந்து பாருங்கள்.