வாசகர் கேள்வி – பதில்: மாஸ்கோவின் அடியில் ஓர் உலகம்

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன் ‘மெட்ரோ 2033’ என்னும் வீடியோ கேமில் மூழ்கிக் கிடக்கிறான். எட்டிப் பார்த்தால் இருட்டுச் சுரங்கமும் முகமூடியும் துப்பாக்கியும்தான் தெரிகின்றன. இதற்கென்று கதை ஏதேனும் உண்டா?

பதில்: உண்டு, அதுவும் நாவலிலிருந்து எடுத்த கதை. ரஷ்ய எழுத்தாளர் திமித்ரி குளுஹோவ்ஸ்கி 2002இல் இணையத்தில் வெளியிட்டு, 2005இல் அச்சான அதே பெயருடைய நாவலை, உக்ரைனின் கீவ் நகரில் உருவான 4ஏ கேம்ஸ் நிறுவனம் 2010இல் விளையாட்டாக்கியது. கதைப்படி, 2013இல் மூண்ட அணு ஆயுதப் போருக்குத் தப்பி மாஸ்கோவின் சுரங்க ரயில் நிலையங்களுக்குள் புகுந்தவர்கள், மேலே காற்றே நஞ்சாகிவிட்டதால், இருபது ஆண்டுகளாக அங்கேயே வாழ்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் மாஸ்கோ மக்கள் குண்டுவீச்சுக்கு அஞ்சி இதே சுரங்கங்களில் தஞ்சமடைந்தது வரலாறு என்பதால், இதை வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியவில்லை.

நிலையங்களெல்லாம் குட்டி நாடுகளாகிவிட்டன. வட்டப் பாதை ஹன்சா என்னும் வணிகர் கூட்டமைப்பின் கையில் இருக்க, கம்யூனிஸ்டுகளும் நாஜிகளும் ஒருவரோடொருவர் போரிடுகிறார்கள். இவர்களுக்கு நடுவே, ‘டார்க் ஒன்ஸ்’ எனப்படும் விசித்திர உயிர்களால் தன் நிலையத்துக்கு நேர்ந்துள்ள ஆபத்தைச் சொல்லி உதவி கேட்க, ஆர்த்தியோம் என்ற இளைஞன் ‘போலிஸ்’ (Polis) என்னும் மைய நிலையத் தொகுதியை நோக்கிப் புறப்படுகிறான்.

என்னை மிகவும் கவர்ந்தது அங்குள்ள நாணய முறை. போருக்கு முன் தயாரான தரமான ராணுவத் தோட்டாக்களே அங்கே பணம். சுரங்கத்தில் செய்யப்படும் மட்டமான தோட்டாக்கள் சுடுவதற்கு மட்டுமே உதவும். ஆகவே நெருக்கடியில் நல்ல தோட்டாவைச் சுடுகிறவன் தன் சேமிப்பையே சுட்டுத் தீர்க்கிறான். மேலே போனால் முகமூடியின் வடிகட்டியும் தீர்ந்துகொண்டே வரும். பஞ்சத்தை வசனமாகச் சொல்லாமல் விளையாடுபவரின் கையிருப்பிலேயே உணர்த்திய இந்த உத்தியைப் பல திரைப்படங்களிலும் நான் கண்டதில்லை.

கேள்வி: இந்த விளையாட்டுக்கு இரண்டு முடிவுகள் இருப்பதாகச் சொல்கிறார்களே, எதனால்?

பதில்: வழக்கமான முடிவில் ஆர்த்தியோம் அந்த உயிர்களை ஏவுகணைகளால் அழித்துவிடுகிறான். ஏழைக்குத் தோட்டா ஈவது, பிறர் பேச்சுக்குக் காதுகொடுப்பது போன்ற செயல்களை விளையாட்டு சொல்லாமலே கணக்கில் வைத்துக்கொள்கிறது. அவை போதுமான அளவு சேர்ந்தால், அந்த உயிர்கள் சமாதானம் நாடியே அவன் மனத்தோடு பேச முயன்றன என்பதை உணர்ந்து தாக்குதலைத் தடுக்கும் வாய்ப்பு அவனுக்குக் கிடைக்கும். ஆனால் 2013இல் வந்த அடுத்த பாகமான ‘மெட்ரோ: லாஸ்ட் லைட்’, அழிவு நிகழ்ந்துவிட்டது என்றே கொண்டு கதையைத் தொடர்கிறது.