காத்தியாயனி எங்கே நின்றாள்?

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

வணக்கம். நான் வெள்ளவத்தையில் வசிக்கிறேன். ஐந்து வருடமாக ஒரு நாவல் எழுதி வருகிறேன். கதாநாயகர் யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பத்தில் தேவாரம் ஓதி வளர்ந்து, கொழும்பில் கணக்காளராக இருந்து ஓய்வுபெற்றவர். மனைவியிடம் சொல்லாமல் தொண்டைமானாறு சந்நிதி முருகன் கோயிலில் கதிர்காமப் பாதயாத்திரையோடு சேர்ந்து, உகந்தையைக் கடந்து காட்டுவழி நடந்து, மாணிக்க கங்கையில் முழுகி எழும்போது 'நான் கரைந்து பிரம்மம் மட்டுமே எஞ்சியது' என்று உணர்கிறார். உபநிடதங்களை மொழிபெயர்ப்பில் வாசித்து, அந்த அனுபவத்தை 30 பக்கங்களில் எழுதினேன். காடு வரைக்கும் கதையாக இருக்கிறது, ஆற்றில் இறங்கியதும் பிரசங்கமாகிவிடுகிறது என்று வாசித்த நண்பர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். கதையால் ஞானத்தைச் சொல்ல முடியாதா? அல்லது எனக்கு அந்த அனுபவம் இல்லாததுதான் குறையா?

அன்புடன்,
ஒரு வாசகன்

அன்புள்ள தம்பிக்கு,

அனுபவம் இல்லாதவர் எழுதக்கூடாது என்றால், மரணத்தைப் பற்றி ஒருவரும் ஒரு வரிகூட எழுதியிருக்க முடியாது. ஆகவே அந்தக் கவலையை விட்டுவிடுங்கள். குறை வேறு இடத்தில் இருக்கிறது. உபநிடதங்களின் முடிவுகளை எடுத்துக்கொண்ட நீங்கள், அந்த முடிவுகள் எந்த வீட்டில், யாருக்கு, என்ன நிலைமையில் சொல்லப்பட்டன என்பதை விட்டுவிட்டீர்கள். இதில் உங்களை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். 1897 ஜனவரி 15ஆம் தேதி விவேகானந்தர் கொழும்பில் வந்து இறங்கி மறுநாள் சொற்பொழிவாற்றிய காலம் தொட்டு, இந்த நகரத்தில் வேதாந்தம் பெரும்பாலும் மேடையிலிருந்தே நம் காதுக்கு வந்திருக்கிறது. அந்த மேடையின் மொழி உங்கள் பேனாவுக்குள்ளும் வந்திருப்பது வியப்பில்லை.

சாந்தோக்கிய உபநிடதத்தின் ஆறாம் அத்தியாயத்தை மறுபடி எடுத்து வாசியுங்கள். 12 வயதில் குருவிடம் போய், 24 வயதில் எல்லா வேதமும் கற்ற செருக்கோடு வீடு திரும்பிய சுவேதகேதுவுக்கு, தந்தை உத்தாலகர் 'நீ அதுவாக இருக்கிறாய்' என்று ஒன்பது முறை சொல்கிறார். அதற்கு முன்பே அவனை 15 நாள் உண்ணாமல் தண்ணீர் மட்டும் குடித்திருக்கச் செய்து, பிறகு வேதத்தை ஓது என்கிறார். அவனுக்கு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. போய்ச் சாப்பிட்டுவிட்டு வா என்று அனுப்புகிறார். சாப்பிட்டு வந்தபின் எல்லாம் வருகிறது. மனம் அன்னத்தால் ஆனது என்பதை அந்தப் பிள்ளை தன் வயிற்றால் படித்துக்கொள்கிறான். உங்கள் கணக்காளர் காட்டுவழி முழுவதும் நடந்தும் ஒரு நாளாவது பசித்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை.

எனக்கு இதைவிட நெருக்கமானது, பிருகதாரணியக உபநிடதத்தில் இரண்டு இடங்களில் வரும் யாக்ஞவல்கியர், மைத்திரேயி உரையாடல். வீட்டை விட்டுப் போகப்போகும் யாக்ஞவல்கியர் தன் இரு மனைவியருக்கும் சொத்தைப் பிரித்துக் கொடுக்க விரும்புகிறார். செல்வம் நிறைந்த பூமி முழுவதும் எனக்குக் கிடைத்தாலும் அதனால் நான் சாவைக் கடப்பேனா என்று மைத்திரேயி கேட்கிறாள். இல்லை என்கிறார். அப்படியானால் அதை வைத்து நான் என்ன செய்வது என்கிறாள். அதன் பிறகு வருவது இந்திய தத்துவத்தின் மிக உயர்ந்த பேச்சுகளில் ஒன்று. ஆனால் அதன் உச்சியில், இறந்துபோன பின் தனி உணர்வு என ஒன்று இல்லை என்று அவர் சொல்லும்போது, அவள் பரவசமடையவில்லை. இந்த இடத்தில் என்னைக் குழப்பிவிட்டீர்கள் என்று நேரே சொல்கிறாள். அந்தக் குழப்பத்தை அந்த நூல் அழிக்காமல் வைத்திருக்கிறது. நான்காம் அத்தியாயத்தில் வரும் வடிவம், 'அமரத்துவம் என்பது இவ்வளவே' என்று சொல்லிவிட்டு அவர் புறப்பட்டுப் போவதோடு முடிகிறது. அவள் அறிந்தாளா, அன்று இரவு என்ன செய்தாள் என்பதெல்லாம் நமக்கு விடப்பட்டிருக்கிறது.

மற்றவள் காத்தியாயனி. பெண்களுக்கு உரிய வழக்கமான அறிவு மட்டும் உடையவள் என்று ஒரே சொல்லில் அவளைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். பாகப் பிரிவினையில் அவளுக்குப் பங்கு உண்டு, பேச்சில் இல்லை. அந்த உரையாடல் நடந்தபோது அவள் எங்கே நின்றாள் என்று நான் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதற்குக் காரணம் எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. கதிர்காமம் போன எங்கள் அம்மப்பா மூன்று வருடம் திரும்பவில்லை. அவர் திரும்பி வந்த நாளில் நான் சிறுபிள்ளை. அம்மம்மா கிணற்றில் தண்ணீர் அள்ளிக் கொடுத்தார், இலை போட்டார், ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த நாள் விடிய, மூன்று வருடத்துக் காணிக் கணக்கு, வாங்கிய கடன், திருப்பிக் கொடுத்தது எல்லாம் எழுதிய கொப்பியை அவர் முன்னால் வைத்தார். அவர் அதை ஒரு பக்கமும் தள்ளாமல் வாசித்தார், முடிக்க மத்தியானமாகிவிட்டது. முன்பெல்லாம் வீட்டுக் கணக்கைக் கையால் தொடாத மனிதர் அவர். கதிர்காமத்தில் அவருக்கு என்ன கிடைத்தது என்பதை அறிய எனக்கு வழியில்லை. அவர் மாறித்தான் வந்திருந்தார் என்பது, அந்தக் கொப்பியை வாசித்த விதத்தை நினைத்து நினைத்து, நாற்பது வயதுக்குப் பிறகே எனக்குப் புரிந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'நான் கரைந்து பிரம்மம் மட்டுமே எஞ்சியது' என்பது சங்கரர் வழிவந்த மொழி. வேதாந்தம் ஒரே குரலில் பேசுவதில்லை. உத்தாலகர் சொன்ன 'தத் த்வம் அஸி' ('நீ அதுவாக இருக்கிறாய்') என்ற வாக்கியத்துக்கு, உயிரும் பிரம்மமும் முற்றிலும் ஒன்றே என்று சங்கரர் பொருள் கொண்டார். இராமானுசர் உயிரை இறைவனின் உடலாகக் கொண்டு பொருள் சொன்னார். மத்துவர் சொல்லைப் பிரிக்கும் இடத்தையே மாற்றி, 'அதத்', அதாவது 'நீ அது அல்லை' என்று வாசித்தார். உங்கள் கதாநாயகர் வளர்ந்த சைவ சித்தாந்தத்தில் முத்தியிலும் உயிர் அழிவதில்லை. உமாபதி சிவாசாரியாரின் திருவருட்பயன் இதற்குத் 'தாடலைபோல்' என்று உவமை சொல்கிறது. தாள், தலை என்ற இரண்டு சொற்கள் புணரும்போது ளகரமும் தகரமும் சேர்ந்து டகரமாகின்றன. காதுக்கு ஒரே சொல்லாக ஒலித்தாலும் அதற்குள் இறைவனின் தாளும் இருக்கிறது, உயிரின் தலையும் இருக்கிறது. தமிழ் இலக்கணம் படித்தவர்களால் மட்டுமே கண்டிருக்கக்கூடிய உவமை இது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது.

உங்கள் கணக்காளர் நூல்களை வாசித்து, தானும் பிரம்மமும் ஒன்றே என்னும் அத்துவைதியாகலாம், அதில் தவறில்லை. ஆனால் தேவாரம் பாடி அழுது பழகிய ஒருவருக்கு, எதிரே நின்று கேட்க இனி ஒருவர் இல்லை என்பது பேரிழப்பு. அந்த இழப்பை அவர் எங்கேயோ ஓரிடத்தில், உகந்தைக் கோயில் வாசலிலோ காட்டில் ஓர் இரவிலோ, பட்டுத்தான் தீர வேண்டும். அதை அவர் படாததால்தான் அவருடைய ஞானம் வாசகருக்கு விலையில்லாமல் கிடைத்ததுபோல இருக்கிறது.

அந்த 30 பக்கங்களையும் கிழிக்க வேண்டாம், எடுத்துத் தனியே வையுங்கள். அவர் சொல்லாமல் புறப்பட்ட காலையிலிருந்து திரும்பி வரும் நாள் வரை, வெள்ளவத்தை வீட்டில் அவருடைய மனைவி என்ன செய்தார், வாடகையை யார் கட்டினார்கள், கேட்டவர்களுக்கு என்ன சொன்னார் என்பதை முதலில் எழுதுங்கள். பிறகு அவர் வாசற்படியில் வந்து நிற்கும்போது, அந்த அம்மாவின் கண்ணால் அவரை ஒருமுறை பாருங்கள். அந்த அத்தியாயம் முடிந்ததும் எனக்கு அனுப்புங்கள், வாசிக்கிறேன்.

அன்புடன்.